டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள சுருக்கெழுத்துகளுக்கு என்ன அர்த்தம்? (அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்)

தாமிரபரணிக்கரை:
அப்பாவுக்கு 64 வயது. போன வாரம் காலை பத்து மணி வாக்கில் நெஞ்சை அழுத்துகிறது என்றார், வேர்த்துக் கொட்டியது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். இ.சி.ஜி. பார்த்துவிட்டு, கை நிறைய மாத்திரையை ஒரே நேரத்தில் விழுங்க வைத்து 108-இல் ஏற்றி அனுப்பினார்கள். ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் முடிந்து நேற்று வீட்டுக்கு வந்தாயிற்று. நன்றாகப் பேசுகிறார், காபி கேட்டு அம்மாவைப் படுத்துகிறார்.

ஆனால் கையில் கொடுத்த சம்மரியைப் படித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "எல்லாம் அதில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அதில் இருப்பது இதுதான்:

நோயறிதல்: கே/சி/ஓ டி2டிஎம், எஸ்எச்டிஎன். சிஏடி – ஏசிஎஸ் – ஏடபிள்யூஎம்ஐ. எஸ்விடி. பிடிசிஏ + டிஇஎஸ் டு எல்ஏடி.
பரிசோதனை: கான்ஷியஸ், ஓரியன்டட், ஏஃபெப்ரைல். சிவிஎஸ்: எஸ்1எஸ்2 +. ஆர்எஸ்: பிஏஈ +. பி/ஏ: சாஃப்ட். சிஎன்எஸ்: என்எஃப்என்டி.
எக்கோ: ஆர்டபிள்யூஎம்ஏ +, மைல்ட் எல்வி டிஸ்ஃபங்ஷன், ஈஎஃப் 42%, மைல்ட் எம்ஆர், நோ பிஏஎச், நோ கிளாட், நோ பிஈ.
ரத்தம்: ட்ரோபோனின் பாசிட்டிவ், ஹெச்பிஏ1சி 8.4, கிரியாட்டினின் 1.5, வைரல் மார்க்கர்ஸ் நான்-ரியாக்டிவ்.

இத்தனை பிளஸ் எதற்கு? 42% என்றால் இதயத்தில் பாதிக்கு மேல் போய்விட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_சிஸ்டர்:
தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். அப்பா காபி கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி கவலை அதிலேயே தீர்ந்தது.

பெரியாஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். கே/சி/ஓ என்றால் ஏற்கெனவே தெரிந்த நோயாளி. டி2டிஎம் என்பது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். எஸ்எச்டிஎன் என்பது ரத்தக் கொதிப்பு. அதாவது ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே இந்த இரண்டும் இருந்தன என்கிறார்கள், அவ்வளவுதான்.

சிஏடி: இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய்களில் வந்த அடைப்பு நோய். ஏசிஎஸ்: அந்த அடைப்பு திடீரென்று முற்றி ரத்த ஓட்டம் நின்றுபோகிற அல்லது குறைகிற நிலை. ஏடபிள்யூஎம்ஐ: இதயத்தின் முன்பக்கச் சுவரில் வந்த ஹார்ட் அட்டாக். எல்ஏடி என்பது அந்த முன்சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். எஸ்விடி என்றால் ஒரே ஒரு குழாயில்தான் குறிப்பிடும்படியான அடைப்பு. இது நல்ல செய்தி. இரண்டு குழாய் என்றால் 'டபுள்' கணக்கில் டிவிடி (DVD), மூன்று என்றால் 'ட்ரிபிள்' கணக்கில் அதுவும் டிவிடி (TVD); தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், ஆங்கில முதலெழுத்தைப் பாருங்கள்.

பிடிசிஏ என்பது கை மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, பலூனால் அடைப்பை விரிக்கிற சிகிச்சை. டிஇஎஸ் என்பது அங்கே வைத்த ஸ்டென்ட். பேனா ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பி வலை, மேலே மருந்து பூசியது. அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, உள்ளே தசை வளர்ந்து மறுபடி அடைக்காமல் பார்த்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் பிளஸ் விஷயம். எஸ்1எஸ்2 + என்றால் இதயத்தின் இரண்டு ஒலிகளும், அதாவது அந்த லப்-டப், ஒழுங்காகக் கேட்கிறது. பிஏஈ + என்றால் இரண்டு நுரையீரலிலும் காற்று போகிறது. இரண்டும் இருந்தே ஆக வேண்டியவை. பி/ஏ சாஃப்ட் என்றால் வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. என்எஃப்என்டி என்றால் கைகால் இழுப்பு, வாய் கோணல் போன்ற நரம்புக் குறை எதுவும் இல்லை. ஏஃபெப்ரைல் என்றால் காய்ச்சல் இல்லை. அந்த வரி முழுக்க நல்ல சேதி.

ஆர்டபிள்யூஎம்ஏ +, இந்த ஒரு பிளஸ் மட்டும் கவனிக்க வேண்டியது. இதயச் சுவரில் ஒரு பகுதி மற்ற இடத்தைப் போலச் சுருங்கி விரியவில்லை என்று அர்த்தம். அட்டாக் வந்த இடத்தில் அப்படித்தான் இருக்கும்.

ஈஎஃப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இங்கே பேரன் ஃபோனைப் பிடுங்குகிறான்.

தாமிரபரணிக்கரை:
ரொம்ப நன்றி சிஸ்டர். 'பிஈ' என்று தேடிப் பார்த்தேன், நுரையீரலில் ரத்தக்கட்டி என்று வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஓய்வு_சிஸ்டர்:
அதற்கு முன்னால் 'நோ' இருக்கிறதே தம்பி! அதுவும் போக, எக்கோ ரிப்போர்ட்டில் பிஈ என்றால் பெரும்பாலும் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோப்பது. நெஞ்சு சி.டி. ரிப்போர்ட்டில் அதே பிஈ நுரையீரல் ரத்தக்கட்டியாக இருக்கலாம். எந்தத் தாளில் இருக்கிறது என்று பார்க்காமல் சுருக்கெழுத்தை மட்டும் தேடினால் இப்படித்தான் ஆகும். ஓடி என்று மாத்திரைச் சீட்டில் இருந்தால் தினம் ஒரு வேளை. கண் டாக்டர் எழுதினால் வலது கண்.

ஈஎஃப்: இதயத்தின் இடது கீழறை (எல்வி) ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. ஆரோக்கியமான ஆளுக்கே 55 முதல் 70 வரைதான் இருக்கும். நூற்றுக்கு நூறு யாருக்கும் கிடையாது. வார்டில் எத்தனையோ பேர் 60 என்று பார்த்துவிட்டு "40 சதவீதம் போச்சே" என்று அழுதிருக்கிறார்கள். அது முழு நார்மல். உங்கள் அப்பாவுக்கு 42 என்பது கொஞ்சம் குறைவு, அதைத்தான் மைல்ட் எல்வி டிஸ்ஃபங்ஷன் என்று எழுதியிருக்கிறார்கள். அட்டாக் வந்த உடனே எடுத்த எக்கோ இது. மரத்துப்போன தசை சில வாரங்களில் கொஞ்சம் தேறி வருவது உண்டு. அதனால்தான் சில வாரங்கள், சில மாதங்கள் கழித்து மறுபடி எக்கோ எடுக்கச் சொல்வார்கள். அந்த இரண்டாவது எண் முக்கியம்.

மைல்ட் எம்ஆர் என்பது ஒரு வால்வில் லேசான பின்கசிவு. நோ பிஏஎச் என்றால் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடவில்லை. நோ கிளாட் என்றால் இதய அறைக்குள் ரத்தக்கட்டி இல்லை.

சந்தேகசாமி:
சும்மா கேட்கிறேன், இதெல்லாம் நமக்கு எதற்கு? டாக்டர் படித்தவர், அவர் சொல்கிற மாத்திரையைப் போட்டால் போதாதா? இணையத்தில் அரைகுறையாகப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தின கேஸ் எங்கள் தெருவிலேயே உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சம்மரியில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "இதயம் நின்னுபோச்சுன்னு எழுதியிருக்கான், ஆனா நான் உயிரோடதானே இருக்கேன், தப்பான ரிப்போர்ட்" என்று கிழித்துப் போட்டார்.

ஓய்வு_சிஸ்டர்:
நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராகப் போகிறது ஐயா. அவருக்கு அர்த்தம் தெரிந்திருந்தால் கிழித்திருக்க மாட்டார்.

ஹார்ட் அட்டாக், ஹார்ட் ஃபெயிலியர், கார்டியாக் அரெஸ்ட் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம். அட்டாக் என்றால் இதயத் தசைக்குப் போகும் ரத்தம் தடைபட்டது; இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும், ஆளும் பேசிக்கொண்டிருப்பார். அரெஸ்ட் என்றால் துடிப்பே நின்றது. ஆள் நினைவிழந்து விழுந்துவிடுவார், உடனே நெஞ்சை அமுக்கிவிட வேண்டும். ஃபெயிலியர் என்றால் இதயம் நிற்கவில்லை, உடம்புக்குத் தேவையான அளவுக்கு வேலை செய்ய முடியாமல் தளர்ந்திருக்கிறது. கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். மாத்திரையோடு வருடக்கணக்கில் வாழ்கிறார்கள்.

'அக்யூட்' என்ற சொல்லும் இப்படித்தான். மோசமானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டென்று வந்தது, அவ்வளவே. 'கிரானிக்' என்றால் நாள்பட்டது. ஆறாதது, முற்றியது என்று பொருளில்லை.

லேப்_தம்பி:
ரத்தப் பரிசோதனை என் ஏரியா. ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். பாசிட்டிவ் என்பது அட்டாக்கை உறுதி செய்யத்தான், புதிதாக எதுவும் இல்லை.

ஹெச்பிஏ1சி 8.4 என்றால் கடந்த மூன்று மாதமாகச் சர்க்கரை சராசரியாக 194 வாக்கில் ஓடியிருக்கிறது. நம்மூரில் செக்கப்புக்கு வருகிறவர்கள் முந்தைய இரண்டு நாள் இட்லியைக் குறைத்துக்கொண்டு வந்து ஃபாஸ்டிங்கை 110-இல் காட்டிவிடுவார்கள். இந்த டெஸ்ட்டிடம் அந்த ஜம்பம் பலிக்காது. 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய்.

வைரல் மார்க்கர்ஸ் நான்-ரியாக்டிவ்: எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் எதுவும் தென்படவில்லை. இதை எடுத்ததற்காக "எங்கப்பாவைப் பற்றி என்ன நினைச்சீங்க" என்று கவுன்டரில் வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. இந்த மாதிரி சிகிச்சைக்கு முன் வழக்கமாக எடுப்பது, யார் நடத்தையையும் சந்தேகப்பட்டு இல்லை.

கிரியாட்டினின் 1.5-தான் எனக்கு உறுத்துகிறது. அது சிறுநீரகம் கழுவித் தள்ள வேண்டிய கழிவு. பெரும்பாலான லேப்களில் ஆண்களுக்கு 1.2, 1.3 வரை நார்மல் என்று போடுவோம். 64 வயது ஆணுக்கு 1.5 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன், இ.ஜி.எஃப்.ஆர். என்பார்கள், 50-ஐ ஒட்டி வரும். ஆஞ்சியோவுக்கு ஏற்றும் டையினால் (ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான சாய மருந்து) தற்காலிகமாகக் கூடியிருக்கலாம், இல்லை பழைய சர்க்கரையும் பிரஷரும் செய்த வேலையாக இருக்கலாம். முந்தைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா? கடைசிப் பக்கத்தில் ஆர்.எஃப்.டி. எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்களா பாருங்கள்.

தாமிரபரணிக்கரை:
ஆமாம், 'ரிவ்யூ ஆஃப்டர் 1 வீக் வித் ஆர்எஃப்டி' என்று இருக்கிறது. 'மெட்ஃபார்மின் வித்ஹெல்டு' என்றும் இருக்கிறது. அப்பா சர்க்கரை மாத்திரை போடவே கூடாதா?

லேப்_தம்பி:
ஆர்.எஃப்.டி. என்றால் சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனை, அதில் கிரியாட்டினின் மறுபடி வரும். வித்ஹெல்டு என்றால் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அர்த்தம், ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. டை ஏற்றினால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மெட்ஃபார்மினைத் திரும்பத் தொடங்குவார்கள். எப்போது தொடங்குவது, அதுவரை வேறென்ன என்பதை டாக்டரிடம் ஃபோனிலாவது கேளுங்கள். ஒரு வாரம் சும்மா விட்டுவிடாதீர்கள்.

மருந்துக்கடை_மேசை:
நடுப்பக்கத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். என் கணக்கில் வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியது கடைசிப் பக்கம். மாத்திரைப் பட்டியலைப் போடுங்கள்.

தாமிரபரணிக்கரை:
டேப். ஆஸ்பிரின் 75: 0-1-0
டேப். டிக்காக்ரெலர் 90: 1-0-1
டேப். அட்டார்வாஸ்டாடின் 40: 0-0-1
டேப். மெட்டோப்ரோலால் 25: 1-0-0
டேப். பான்டோப்ரசோல் 40: 1-0-0 ஏ/எஃப்
டேப். சார்பிட்ரேட் 5: எஸ்/எல், எஸ்ஓஎஸ்
கீழே 'டிஏபிடி x 1 இயர், டு நாட் ஸ்டாப்' என்று கோடு போட்டிருக்கிறது.

மருந்துக்கடை_மேசை:
1-0-1 என்பது காலை, மதியம், இரவு. இது தெரிந்திருக்கும். பான்டோப்ரசோல் பக்கத்தில் ஏ/எஃப் என்றா இருக்கிறது? பி/எஃப் ஆக இருக்க வேண்டும், கையெழுத்தை ஒருமுறை பாருங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுகிற மாத்திரை அது. ஏ/எஃப் சாப்பாட்டுக்குப் பின், பி/எஃப் முன். சிலர் லத்தீனில் ஏ.சி., பி.சி. என்று எழுதுவார்கள், அங்கே ஏ.சி. முன், பி.சி. பின். தலைகீழாக மாறும், கவனம்.

டிஏபிடி என்பது ரத்தத் தட்டுகள் ஒட்டிக் கட்டியாகாமல் தடுக்கிற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது. உங்கள் பட்டியலில் ஆஸ்பிரினும் டிக்காக்ரெலரும். புது ஸ்டென்ட் உள்ளே இருக்கும்போது இதை நிறுத்தினால் அதற்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி அட்டாக் வரலாம். பல் பிடுங்கப் போனாலும், கண்புரை ஆபரேஷனுக்குப் போனாலும், "இந்த மாத்திரை போடுகிறார்" என்று சொல்லுங்கள்; நிறுத்துவதா என்பதை இதய டாக்டர் மட்டும் முடிவு செய்யட்டும். டிக்காக்ரெலர் சிலருக்கு லேசாக மூச்சு வாங்க வைக்கும். அப்படி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

எஸ்/எல் என்றால் நாக்குக்கு அடியில். எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஆக சார்பிட்ரேட் தினசரி மாத்திரை இல்லை. நெஞ்சு வலித்தால், உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியது. நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடலாம். வலி அடங்கவில்லை என்றால் 108, யோசனையே வேண்டாம்.

இன்னொன்று. அட்டாக்குக்கு முன்னால் என்னென்ன மாத்திரை போட்டார்? பழைய டப்பாவைத் திறந்து ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துச் சொல்லுங்கள். முன்பக்கம் இருக்கும் கம்பெனிப் பெயர் எனக்கு வேண்டாம்.

கோண்டாவில்காரி:
யாழ்ப்பாணத்திலிருந்து வாசிக்கிறன். எங்கட அரசாங்க ஆஸ்பத்திரிகளில் துண்டு வெட்டேக்க (வீட்டுக்கு அனுப்பேக்க) ஒரு டயக்னோசிஸ் கார்ட் தருவினம், பிறகு கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு முறையும் எழுதுவினம். சலரோகம், பிறசர் என்று நாங்கள் சொன்னாலும் கொப்பியில் இங்கேயும் இதே டிஎம், எச்டிஎன்தான். 19-ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் உடற்கூறும் அறுவை வைத்தியமும் தமிழிலேயே படிப்பித்துப் புத்தகமும் போட்டவர். இவ்வளவு காலம் போயும் நோயாளியின்ர கையில் இருக்கிற தாளில் ஒரு வரி தமிழ் இல்லை.

சந்தேகசாமி:
இந்த விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன் அக்கா. சம்மரி ஆங்கிலத்தில் இருக்கட்டும், அடுத்த டாக்டர் படிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தையாவது தமிழில் அடித்துக் கொடுக்கலாமே? பஸ் டிக்கெட்டில் தமிழ் இருக்கிறது.

ஓய்வு_சிஸ்டர்:
நாங்கள் மாத்திரை உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தோம். எழுத்துத் தெரியாதவர்களும் சரியாகப் போட்டார்கள்.

க்ளெய்ம்_டெஸ்க்:
இன்ஷூரன்ஸ் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. 'கே/சி/ஓ எஸ்எச்டிஎன்' பக்கத்தில் எத்தனை வருடம் என்று எழுதியிருக்கிறதா? சேர்க்கும்போது டூட்டி டாக்டர் கேட்க, பதற்றத்தில் சொந்தக்காரர் யாராவது "அது இருக்கும் ஒரு பத்து வருஷம்" என்று அள்ளிவிடுவார். அது அப்படியே பதிவாகும். பாலிசி எடுத்தது நாலு வருடத்துக்கு முன்பு என்றால், மறைத்து எடுத்தீர்கள் என்று கேள்வி வரும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் விதியை மாற்றி, ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்பை அதிகபட்சம் 36 மாதமாகவும், மோசடியைத் தவிர வேறு காரணம் சொல்லிக் கேள்வி கேட்க முடியாத நிலைக்கு வர வேண்டிய காலத்தை 60 மாதமாகவும் குறைத்தது. ஆனாலும் பொய்யான பத்து வருடம் தாளில் இருக்கக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி ஆஸ்பத்திரியிலேயே திருத்தி வாங்குங்கள். கேஸ் ஷீட் நகலும் கேளுங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது.

தாமிரபரணிக்கரை:
முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் முடிந்தது, அந்தப் பிரச்சினை இல்லை. ஆனாலும் நகல் வாங்கி வைக்கிறேன்.

சம்மரியின் முதல் பக்கத்தில் 'லோடிங் டோஸ் கிவன் அட் பிஎச்சி' என்று இருக்கிறது. அந்தக் கை நிறைய மாத்திரைதானா அது?

ஓய்வு_சிஸ்டர்:
அதேதான். 2023-இல் வந்த தமிழ்நாடு அரசின் 'இதயம் காப்போம்' திட்டம். ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாடின் 8, மொத்தம் 14 மாத்திரை. ரத்தத்தில் மருந்தின் அளவை உடனே ஏற்றுவதற்காக முதலில் ஒரேயடியாகக் கொடுப்பதைத்தான் லோடிங் டோஸ் என்பது. பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கட்டி பெரிதாகாமல் பிடித்து வைக்கும். உங்கள் அப்பாவுக்கு ஈஎஃப் 42-இல் நின்றதற்கு அந்தப் பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலைய) நர்சுக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

தாமிரபரணிக்கரை:
மருந்துக்கடை அண்ணே, பழைய டப்பாவில் இருந்தவை: மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அப்புறம் கம்பெனிப் பெயர் வேறாக இருந்தாலும் பின்னால் ஆஸ்பிரின் 75 என்று போட்ட ஒரு அட்டை. அம்மா பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மருந்துக்கடை_மேசை:
இதற்குத்தான் கேட்டேன். இரண்டும் சேர்ந்தால் ஆஸ்பிரின் 150 ஆகிறது. டிக்காக்ரெலரோடு போடும்போது ஆஸ்பிரின் ஒரு நாளைக்கு 100-க்கு மேல் போகக் கூடாது என்பது அந்த மருந்துக்கே உள்ள எச்சரிக்கை. பலனும் குறையும், ரத்தக்கசிவு பயமும் உண்டு. ஆஸ்பத்திரிக்கு இப்போதே ஃபோன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆஸ்பிரின் ஒரு அட்டை மட்டும்தானே, புதுப் பட்டியலில் இல்லாத பிரஷர் மாத்திரை டெல்மிசார்டனைத் தொடர்வதா வேண்டாமா. கிரியாட்டினின் கூடியிருப்பதால் அதையும் நிறுத்தி வைத்திருக்கலாம், மறந்தும் போயிருக்கலாம். நாமாக ஊகிக்க வேண்டாம். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் தெரியும், மலம் கறுப்பாகப் போகிறதா என்றும் அப்பாவிடம் கேளுங்கள்.

தாமிரபரணிக்கரை:
பேசிவிட்டேன். பழைய ஆஸ்பிரினை எடுத்துவிடச் சொன்னார்கள். டெல்மிசார்டன் ரிவ்யூ வரை வேண்டாமாம், வீட்டில் தினமும் பிரஷர் பார்த்துக் குறித்து வரச் சொன்னார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினுக்குப் பதில் வேறொரு மாத்திரையை வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார்கள். பான்டோப்ரசோல் பி/எஃப்தானாம். மலம் வழக்கம்போலத்தான் என்கிறார் அப்பா, இதையெல்லாமா கேட்பாய் என்று முறைக்கிறார்.

மதுரை_மல்லி:
சிஸ்டர், இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர், லெஃப்ட் கிட்னியில் சிம்பிள் சிஸ்ட், கர்ப்பப்பை அன்ரிமார்க்கபிள்' என்று வந்திருக்கிறது. அன்ரிமார்க்கபிள் என்றால் சொல்லும்படி இல்லாத அளவுக்கு மோசமா?

ஓய்வு_சிஸ்டர்:
இல்லையம்மா, குறை சொல்ல ஒன்றுமில்லை, நார்மல் என்று அர்த்தம். சிம்பிள் சிஸ்ட் என்பது சின்ன நீர்க்கட்டி, வயதானவர்களுக்குச் சாதாரணமாக இருப்பது. ஃபேட்டி லிவருக்கு மட்டும் சர்க்கரை, கொழுப்பு, எடை எல்லாம் சொன்னால்தான் பேச முடியும். புது இழை ஒன்று தொடங்குங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டை முழுதாகத் தட்டச்சு செய்து போடுங்கள். அம்மா பெயர், ஆஸ்பத்திரி நம்பர் எதையும் போட வேண்டாம்.